எட்டாவது வரைக்கும்

மடிப்பம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. அங்கே படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்துத்தான் மடிப்பார்கள். இவர் மட்டும் ஒற்றை ஆளாக நின்று, ஓர் ஓரத்தைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்து, இரண்டே வீச்சில் மடித்து அடுக்கிவிடுவார். ஒரு நாள் மேற்பார்வையாளர், “இந்தம்மா மடிச்சா கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கு” என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், வேலையை விட்டு மகன் வீட்டோடு வந்த பிறகும் விடவில்லை. மகனே விளையாட்டாக அப்படித்தான் கூப்பிடுவான்.

அந்த மகன் தவழ்கிற வயதில் புருஷன் போய்விட்டார். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த கையோடு மடிப்பம்மா சலவைக் கூடத்து வாசலில் போய் வேலைக்கு நின்றார். உள்ளே இயந்திரங்கள் இரையும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையை ஆட்டிக் காட்ட வேண்டும். அந்த இரைச்சலிலும் ஆவியிலும் ஆயுசில் பாதியைக் கழித்துத்தான் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவருக்கோ பள்ளிக்கூடம் என்பது வழியில் இருந்த ஒரு கட்டடம். ஒரு தம்பியை இடுப்பில் வைத்து, இன்னொரு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிறுமியாக அதைத் தாண்டிப் போனதோடு சரி. ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

மருமகள் பொய் சொன்னது இந்த விஷயத்தில்தான்.

மருமகளின் அப்பா கல்லூரியில் வரலாறு நடத்தியவர். தெருவில் பால் போடுகிறவர்கூட அவரைப் பேராசிரியர் என்றுதான் சொல்வார். அவர் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான் என்று பேர். மடிப்பம்மாவின் மகன் அவரிடம் படித்தவன்; படித்த இடத்திலேயே மாப்பிள்ளையும் ஆனான். பேராசிரியருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவருடைய சொந்தக்காரர்களுக்குத்தான் தெரிந்தது. கல்யாணப் பேச்சின்போது ஓர் அத்தைக்காரி, “பையனோட அம்மா என்ன படிச்சிருக்காங்க?” என்று இழுத்தாள். கல்யாணப் பெண் யோசிக்கவே இல்லை. “எட்டாவது வரைக்கும்” என்று சொல்லிவிட்டாள். பாதியில் நின்ற படிப்பு என்றால் அதில் ஒரு பரிதாபம் இருக்கிறது, யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

பிறகு கூச்சத்தோடு மாமியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எட்டாவதா? அடேயப்பா, ஒரேயடியா எட்டா!”

அதிலிருந்து அந்த எட்டாவது அப்படியே நிலைத்துவிட்டது. விசேஷ வீடுகளில் யாராவது ஓர் அழைப்பிதழைக் கையில் கொடுத்தால் மடிப்பம்மா, “கண்ணாடிய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்” என்பார். மருமகள் வாங்கிப் படித்துக் காட்டுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிற்று.

மருமகளுக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை. மதிப்பெண் பட்டியல், மறுகூட்டல், மறுமதிப்பீடு இவைதான் அவளுடைய உலகம். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு பாடத்தில் விழுந்திருந்தால் தாளை ஒரு முறை எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். திருத்துகிறவர்களும் மனுஷர்கள்தானே என்பாள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மருமகளின் அம்மா இறந்த பிறகு பேராசிரியர் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மேல்மாடியில் ஒரு வீடு, மூன்று அறைகள். பெரியவர்கள் இருவரும் எப்படி ஒத்துப்போவார்களோ என்று மருமகள் பயந்தாள். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு பேராசிரியர் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படிப்பார். மடிப்பம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். சரியாகக் கேட்காத இடத்தில், “என்னது, என்னது?” என்பார். வகுப்பு எடுத்துப் பழகிய குரல். அவருக்காக இன்னும் கொஞ்சம் ஏறும். மந்திரிகளைப் பேராசிரியர் திட்டுவார், மடிப்பம்மா சிரிப்பார். பேராசிரியரின் சட்டைகள் அந்தக் காலத்தில் மொடமொடவென்று நின்றன.

இரண்டு வருஷம் போல இப்படிப் போயிற்று. அப்புறம் வீட்டில் சின்னச் சின்னதாகத் தப்பு நடக்க ஆரம்பித்தது.

முதலில் சாவி. வெளிக்கதவுச் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. பிறகு ஒரு நாள் குளியலறைக் குழாய் திறந்தே கிடந்து, தொட்டி நிரம்பி, ஹாலுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு மத்தியானம் டீ பாத்திரம் கரிந்து, பக்கத்து வீட்டம்மா புகையைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினாள். ஒவ்வொரு முறையும் வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பத்திரிகை படிக்கிறவர். இன்னொருவர் அடுப்படிப் பக்கம் போய் வருகிறவர், ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னால்தான் காதில் வாங்குகிறவர். யார் என்று யாரும் கேட்கவே இல்லை.

“நீங்கதானே அத்தை டீ வச்சீங்க?”

“நான் வைக்கலம்மா. வச்ச மாதிரி ஞாபகமே இல்ல.”

“அதத்தான் அத்தை நாங்களும் சொல்றோம்.”

மகன் அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தான். “விடும்மா. வயசாயிடுச்சுல்ல.”

பேராசிரியர் பெருந்தன்மையாக, “பாவம், விடுங்கப்பா. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். மனசார நம்பித்தான் சொன்னார்.

அவரிடமும் சில மாற்றங்கள் இருந்தன. ஆனால் அவர் வாய் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால், “ரிட்டையர் ஆனவனுக்குக் கிழமை எதுக்கு? எல்லாம் ஞாயித்துக்கிழமைதான்” என்பார். வந்தவரின் பெயர் வாயில் வராவிட்டால், “வாங்க தலைவரே!” என்று இரண்டு கையையும் நீட்டுவார். வந்தவருக்குக் குளிர்ந்துபோகும். ஒரு தடவை முந்தின நாள் செய்தியையே மறுபடி படித்தார். மடிப்பம்மா, “இத நேத்தே படிச்சீங்களே சம்பந்தி” என்றார். “நேத்து நான் படிக்கறப்ப நீங்க தூங்கிட்டீங்க சம்பந்தியம்மா” என்று பேராசிரியர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். தான் தூங்கவில்லை என்று மடிப்பம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் எதிரில் இருப்பவர் ஊருக்கே பாடம் சொன்னவர். நாம்தான் கண் அசந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி மருமகளிடம் அவரே இதைச் சொன்னார்: “எனக்கு வரவர நான் தூங்குறேனா முழிச்சிருக்கேனான்னே தெரியலம்மா.” மருமகள் அதையும் மாமியாரின் கணக்கில்தான் சேர்த்தாள்.

ஞாபக மறதிக்கென்று இருந்த மருத்துவமனைக்கு மாமியாரைக் கூட்டிப்போனது மருமகள்தான். சின்ன அறை, மேஜை, அதற்குப் பின்னால் ஓர் உதவியாளர். நல்ல பெண்தான். ஆனால் மெல்லிய குரல்; பேசும்போது தாளைப் பார்த்தே பேசினாள்.

“எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்காங்க?”

“எட்டாவது வரைக்கும்” என்றாள் மருமகள். பழகிய வாய். மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது.

மடிப்பம்மா திரும்பி மருமகளைப் பார்த்தார். மடியில் இருந்த பையின் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டார்.

உதவியாளர் பென்சிலை நீட்டினாள். வட்டம் போட்டு உள்ளே கடிகாரம் வரையச் சொன்னாள். காய் நறுக்கும் கத்தியைப் பிடிப்பது போல மடிப்பம்மா அதைப் பிடித்தார். கோணலாக ஏதோ ஒன்று வந்தது. அதற்குள் எண்களுக்குப் பதில் புள்ளிகள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, “ஏழு பேரா? யாரு?” என்று கேட்டார். ஒரு வார்த்தையைக் கடைசி எழுத்திலிருந்து சொல்லச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டார். வியர்த்துவிட்டது அவருக்கு. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு மாமியார்மேல் அவ்வளவு இரக்கமாக இருந்தது.

வந்த மதிப்பெண் பாதியைக்கூட எட்டவில்லை. எட்டாவது படித்தவர் இதைச் செய்ய முடியவில்லை என்றால் நோய் கொஞ்சம் முற்றித்தான் இருக்கிறது என்றார் பணியில் இருந்த டாக்டர். மாத்திரை எழுதினார். தனியாக விடாதீர்கள், அடுப்புப் பக்கம் விடாதீர்கள் என்றார். வாழ்நாள் முழுக்க மறுகூட்டல் பார்த்தவள், தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டுச் சாவி மடிப்பம்மாவிடம் இல்லை. காலையில் மருமகள் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போவாள். சந்தைக்கு இனிமேல் மகன் போவான். இஸ்திரிப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்கள். சூடான சாமான் என்று. “சம்பந்தியம்மாவ நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்றார் பேராசிரியர். அவரை நம்பித்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

மாத்திரை மடிப்பம்மாவின் வயிற்றைக் குமட்டியது. சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. பத்திரிகை படிக்கிற நேரத்தில்கூட, “என்னது?” என்று கேட்பதில்லை, கேட்டால் மறதி என்று நினைப்பார்கள். நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு நோயாளி மாதிரியே இருந்தது. பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் முற்றுகிறது என்று மகன் கவலைப்பட்டான்.

மடிப்பம்மாவின் தம்பி மகள் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மகன் வெளியூர் போனது இதற்குப் பிறகுதான். தேர்வு முடிவுகள் வருகிற சமயம் என்பதால் மருமகள் போகவில்லை. மறுநாள் முற்பகலில் கீழ்வீட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். “மேலேருந்து தண்ணி கொட்டுதும்மா. கரிஞ்ச வாடையும் வருது.”

ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். மாடிப்படி ஏறும்போதே மனசு, ‘இந்த அத்தை இருக்காங்களே...’ என்று ஆரம்பித்துவிட்டது. பாதிப் படியில்தான் அத்தை ஊரிலேயே இல்லை என்பது உறைத்தது. அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பாத்திரம் கருகி, அடி விட்டிருந்தது. பேராசிரியர் வெள்ளைச் சட்டையில், வாரிய தலையோடு, ஈரத்தரையில் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“யாருப்பா பால் வச்சது?”

“சம்பந்தியம்மா வச்சிருப்பாங்க” என்றார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. “அவங்கள ஒண்ணும் சொல்லாத.”

“அவங்க ஊர்ல இல்லப்பா.”

“இல்லையா? இப்பதானே இங்க உக்காந்து பேசிட்டிருந்தாங்க.” பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. என்ன என்று புரியவில்லை. வழக்கமான சிரிப்பைச் சிரித்தார். “என்னம்மா, முகத்த இப்படி வச்சிருக்க? எதாவது பேப்பர் அவுட் ஆயிடுச்சா?”

நல்ல ஜோக்தான். அவள் போய்க் குழாயை மூடி, அடுப்பை அணைத்தாள்.

இதுவரை நடந்ததெல்லாம் தெரியாமல் நடந்தது. இனிமேல் நடந்தது அப்படி இல்லை.

தரையைத் துடைத்தாள். கருகிய பாத்திரத்தைத் துணிப்பையில் சுற்றித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கீழ்வீட்டுக்காரரிடம், வேலைக்குப் போகிற அவசரத்தில் தானே குழாயைத் திறந்துவிட்டதாகச் சொன்னாள். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த கணவனிடம் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்பா என்றால் அப்பா. அவர் மேடையில் நின்றால் அரங்கம் எழுந்து நிற்கும். அவரைப் போய் அந்த மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துக் கடிகாரம் வரையச் சொல்வதா? இந்த வாரம் போகட்டும், முடிவுகள் வெளியாகட்டும் என்று தள்ளிப்போட்டாள். தினமும் காலையில் மாமியாரின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். அவர் விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு அலுவலகம் போய், யாருடைய பிள்ளைகளுடைய தாள்களையோ மறுகூட்டல் செய்தாள். எப்போது இது பெரிய பாவமாக மாறியது என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோது, குப்பைத்தொட்டியின் பக்கத்தில் நின்ற நேரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு சாயங்காலம் மடிப்பம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றார்.

“ஏம்மா, அந்தப் பால் பாத்திரம் எங்க? அகலமா ஒண்ணு இருக்குமே.”

மருமகள் கழுவிக்கொண்டிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியல அத்தை.”

மடிப்பம்மா அலமாரியை ஒரு தரம் கண்ணால் துழாவினார். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார்.

“நான்தான் எங்கயாச்சும் வச்சுட்டு மறந்திருப்பேன். திட்டாதம்மா. தேடிப் பாக்கறேன்.”

சொல்லிவிட்டு, குனிந்து, ஒவ்வொரு தட்டாகத் தேட ஆரம்பித்தார்.

மருமகள் அங்கே நிற்கவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் வேலையிலிருந்து வந்து, என்ன ஏது என்று கேட்டபோது முதலில் அழுகைதான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்தான்.

“நானும் ஒரு தடவகூட கேக்கலையே” என்றான் கடைசியில். “எங்கம்மா அவங்க. ‘நான் வைக்கல’ன்னு சொன்னாங்க. சார் பக்கம் எனக்குப் பார்வையே போகல.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மாமனாரை அவன் சார் என்றுதான் சொல்வான்.

இந்தத் தடவை வேறு இடம், வயதான ஒரு டாக்டரம்மா. முதலில் பேராசிரியர். அவர் கடிகாரத்தை வரைந்தது மட்டுமில்லாமல், கடிகாரம் கண்டுபிடித்த வரலாற்றையும் சொன்னார். ஏழு ஏழாகக் கழித்தார், சறுக்காமல். அறையில் இருந்த நர்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மதிப்பெண். மருமகள் விடவில்லை. “இது போதாது டாக்டர். இன்னொரு தடவ பாருங்க” என்றாள். டாக்டரம்மா ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசி, அரை மணி கழித்து அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“கதையா? நீங்க சொன்னீங்களா, நான் சொன்னேனா?” என்று பேராசிரியர் கேட்டார். நர்ஸ் மறுபடி சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “நிறையப் படிச்சு, நிறையப் பேசிப் பழகின மூளைக்கு ஒரு வழி அடைச்சா இன்னொரு வழியில போகத் தெரியும்மா. அதனால வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. தெரியவர்றப்ப உள்ள நெறைய நடந்து முடிஞ்சிருக்கும். உங்கப்பாவுக்கு அப்படித்தான். இது ஆரம்பம் இல்ல.”

மருமகள் அப்போதுதான் மாமியாரின் பழைய தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். “டாக்டர், இதுல படிப்புன்னு போட்டிருக்கற இடத்துல எட்டாவதுன்னு இருக்கு. அது பொய். நான்தான் சொன்னேன். அவங்க பள்ளிக்கூடமே போனதில்ல.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு இந்தத் தேர்வே வைக்கக் கூடாதும்மா. வேற மாதிரி இருக்கு. அதுல பென்சிலுக்கு வேலையே கிடையாது.”

மறுவாரம் மடிப்பம்மாவை வரவழைத்து முதலில் காதைத்தான் பார்த்தார்கள். இரண்டு காதும் பாதிக்கு மேல் போயிருந்தது. சலவைக் கூடத்தின் இரைச்சல் வாங்கிக்கொண்டது. காதில் கருவி மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினார் டாக்டரம்மா. சந்தையில் எந்தக் கடை எங்கே இருக்கிறது, கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள், பெண்ணுக்கு என்ன நிறத்தில் உடை, அரை மணி முன்னால் சொன்ன சாமான்கள் என்னென்ன என்று கேட்டார். மடிப்பம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார்; ஒவ்வொன்றுக்கும் மருமகளின் முகத்தைப் பார்த்து, “சரிதானேம்மா?” என்றார். சரியாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு விட்டுப்போயின, அந்த வயதில் யாருக்கும் விட்டுப்போகும்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. “ஆனா இவங்களுக்கு வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். படிக்காம, காலமெல்லாம் உடம்ப வருத்தி, காதும் போனவங்களுக்கு வர்ற வாய்ப்பு அதிகந்தான். அதுவும் ஒரு மூலையில உக்கார வச்சுட்டா சீக்கிரமாவே வரும். இனிமே அப்படி உக்கார விடாதீங்க.”

இனிமே என்ற சொல்லை டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். மருமகளுக்கு அது நெஞ்சில் தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள். மடிப்பம்மா வாங்கவில்லை. மேஜையிலேயே வைத்துவிட்டார்.

“வேணாம்மா. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல இப்ப.”

“அதெல்லாம் நீங்க பண்ணவே இல்ல அத்தை. அப்பாதான்... பால் பாத்திரத்தக்கூட நான்தான் தூக்கிப் போட்டேன். தெரிஞ்சே உங்கள மாத்திரை சாப்பிட வச்சேன்.”

மடிப்பம்மா அவளைப் பார்த்தார். காதுக் கருவி புதிது; அதைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

“அந்தப் பாத்திரத்த நான் ரெண்டு நாள் தேடினேன்” என்றார்.

மருமகளால் தலை நிமிர முடியவில்லை. “எட்டாவதுன்னு நான் சொல்லாம இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது அத்தை. நீங்களாவது இல்லன்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்” என்றார் மடிப்பம்மா. “ஆனா எனக்கு அது பிடிச்சிருந்துச்சும்மா. நாலு பேர் முன்னால நீ எட்டாவதுன்னு சொல்றப்பல்லாம், அந்தக் கட்டடத்துக்குள்ள நான் போயிட்டு வந்த மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. பெருமையா இருந்துச்சு. அதான் வாயத் திறக்கல.”

இதைக் கேட்டு மருமகளின் பாரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இவருக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒரு நொடி மனசு ஆசுவாசப்பட்டதே, அதற்காக இன்னும் கூசிப்போனாள்.

பேராசிரியரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பகலில் வர ஏற்பாடாயிற்று. அவர் அந்த ஆளையும், “வாங்க தலைவரே!” என்றுதான் வரவேற்கிறார். சில நாட்கள் மகளை அவளுடைய அம்மா என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். பத்திரிகையை இன்னும் சத்தமாகத்தான் படிக்கிறார், ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப. மடிப்பம்மாவுக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் நன்றாகக் கேட்கிறது. முன்பு போல சிரிப்பதில்லை. அவர்மேல் கோபமா என்று மகன் கேட்டதற்கு, “அவர் என்ன பண்ணுவார் பாவம். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க மேலதான் கோபம்” என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். மருமகள் பக்கத்து அறையில் இருந்தாள். கேட்கட்டும் என்று சொன்னதா, கேட்காது என்று சொன்னதா தெரியாது.

சமைக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பார். “அணைச்சுட்டேனா பாரும்மா” என்பார். பார்த்துச் சொன்னால், இன்னும் ஒரு முறை அவரே தொட்டுப் பார்ப்பார். இந்தப் பழக்கம் அவருக்கு முன்னால் கிடையாது. நாங்கள் கொடுத்தது என்று மருமகள் நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் மடிப்பம்மா, “நான் சந்தைக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்பினார். தனியாக. கூட வரட்டுமா என்று மகன் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருமகள் அலுவலகத்துக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போய், பஸ் நிறுத்தத்தின் நிழற்குடையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு பஸ் வந்தது, இறங்கியவர்களில் மாமியார் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. கண்டபடி எல்லாம் நினைப்பு ஓடியது. டாக்டரம்மா சொன்னது உண்மையானால், வழி தவறியிருந்தால், அதுவும் என்னால்தானே என்று கால் தரிக்கவில்லை.

அதற்கடுத்த பஸ்ஸில் மடிப்பம்மா இறங்கினார். இரண்டு கையிலும் பை, கீரைக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகம் வெயிலில் சிவந்திருந்தது. நேராகத் தூணை நோக்கி வந்தார்.

“என்ன, இங்க நிக்கற? ஆபீஸ் இல்லையா?”

“இன்னிக்கு லீவு அத்தை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“பொய் சொல்லாத” என்றார் மடிப்பம்மா.

பையை வாங்கிக்கொள்ள மருமகள் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, கடந்து, முன்னால் நடக்க ஆரம்பித்தார். மருமகள் பின்னாலேயே போனாள். வீடு வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.